நான்கு ஜாம்பவான்களும் ஒரு நான்கு நிமிடப் பாடலும்

வகுப்பில் மிக நன்றாகப் படிக்கும் நான்கு பேரை ஒரே குழுவில் சேர்த்துத் திட்டப்பணி கொடுத்தால், அந்தக் குழுவுக்குத்தான் அதிக மதிப்பெண் கிடைக்குமா? கிடைக்கும் என்றுதான் தோன்றும். ஆனால், அப்படிப்பட்ட குழுவில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யாருடைய யோசனையை எடுத்துக்கொள்வது, யார் எவ்வளவு பேசுவது என்பதிலேயே பாதி நேரம் போயிருக்கும்.

இசையுலகிலும் இந்தச் சோதனை பலமுறை நடந்திருக்கிறது. வெவ்வேறு குழுக்களில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து புதிதாகத் தொடங்கும் குழுவை ‘சூப்பர்குரூப்’ என்பார்கள். நட்சத்திரக் குழு என்று நாம் சொல்லலாம். 1966ல் எரிக் கிளாப்டன், ஜேக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் தொடங்கிய ‘கிரீம்’ இவற்றில் முன்னோடி. அது இரண்டரை ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1969ல் கிளாப்டனும் பேக்கரும் ஸ்டீவ் வின்வுட்டுடன் சேர்ந்து தொடங்கிய ‘பிளைண்ட் ஃபெய்த்’ ஒரே ஓர் இசைத்தொகுப்போடு முடிந்துபோனது.

இந்த வரிசையில் வெற்றியும் முறிவும் ஒரே வேகத்தில் வந்து சேர்ந்த குழு ஒன்று உண்டு. 1981ல் லண்டனில் பிறந்த ‘ஏஷியா’தான் அது. பெயர்தான் ஆசியா, உறுப்பினர் நால்வரும் இங்கிலாந்துக்காரர்கள். நால்வருமே தங்கள் கருவியில் கரைகண்டவர்கள். அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள், ஏன் பிரிந்தார்கள், 23 ஆண்டுகள் கழித்து எப்படி மறுபடியும் ஒரே மேடையில் நின்றார்கள் என்ற கதையில், குழுவாக வேலை செய்யும் எவருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

இருபது நிமிடப் பாடல்களின் காலம்

ஏஷியாவைப் புரிந்துகொள்ள, அந்த நால்வரும் எங்கிருந்து வந்தார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அவர்களில் மூவர் ‘புரோகிரசிவ் ராக்’ என்ற இசைவகையில் வளர்ந்தவர்கள். 1960களின் இறுதியில் பிரிட்டனில் உருவான இந்த இசை, ராக் பாடலை மூன்று நிமிடத்துக்குள் அடக்க மறுத்தது. மேற்கத்திய செவ்விசையைப் போல ஒரே படைப்பில் பல பகுதிகள், மாறிக்கொண்டே இருக்கும் தாளம், நீண்ட கருவியிசை, கதைபோல விரியும் வரிகள் என்று அது வேறொரு பாதையில் போனது.

‘யெஸ்’ குழு 1972ல் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாடல்தான். சுமார் 19 நிமிடம் ஓடும். மறு ஆண்டு அதே குழு ‘டேல்ஸ் ஃபிரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. அதில் நான்கு பக்கங்கள், நான்கே பாடல்கள். பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதை’ நூலில் சாத்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்ததில் பிறந்த படைப்பு அது. ஓர் அடிக்குறிப்பிலிருந்து 80 நிமிட இசை! அந்தக் காலத்தின் துணிச்சலையும் அளவுக்கு மீறிய ஆசையையும் இந்த ஒரு தகவலே சொல்லிவிடும்.

தாளமும் அப்படித்தான். பெரும்பாலான ராக் பாடல்கள் நான்கு எண்ணிக்கையில் நடக்கும். புரோகிரசிவ் ராக் கலைஞர்கள் ஐந்திலும் ஏழிலும் பதின்மூன்றிலும் வாசித்தார்கள். மிருதங்கம் பயிலும் மாணவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ‘தகிட தகதிமி’ என்று ஏழாக எண்ணும் மிஸ்ர சாப்பு நமக்குப் பழகியதுதான். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ பாடலைக் கேட்டு அதன் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள், ஏழு வரும்.

1976, 77 வாக்கில் காற்று திசை மாறியது. ‘பங்க்’ இசை வந்தது. மூன்று கார்டுகள், மூன்று நிமிடம், நிறையக் கோபம். இருபது நிமிடம் கிட்டார் வாசிப்பவர்கள் திடீரென்று பழைய ஆட்களாகத் தெரிந்தார்கள். செலவும் கழுத்தை நெரித்தது. ‘எமர்சன், லேக் அண்ட் பால்மர்’ குழு 1977ல் முழு வாத்தியக் குழு ஒன்றையே அழைத்துக்கொண்டு வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் புறப்பட்டது. செலவு தாங்காமல் வாத்தியக் குழுவைப் பாதியில் அனுப்பிவிட வேண்டியதாயிற்று. 1981க்குள் அந்தக் குழுவும் இல்லை, யெஸ் குழுவும் கலைந்திருந்தது.

வேலையில்லாத நான்கு வித்தகர்கள்

அப்படி வெளியே நின்றவர்களில் ஒருவர் ஜான் வெட்டன். பேஸ் கிட்டார் கலைஞர், பாடகர். ‘கிங் கிரிம்சன்’ குழுவில் 1972 முதல் 1974 வரை இருந்தவர். பிறகு ‘யு.கே.’ என்ற இன்னொரு நட்சத்திரக் குழுவை அமைத்துப் பார்த்தார். முதல் இசைத்தொகுப்பு முடிந்ததுமே அதன் நால்வரில் இருவர் விலகிவிட்டார்கள். நட்சத்திரக் குழு எப்படி உடையும் என்பது அவருக்குப் புதிதல்ல.

இரண்டாமவர் ஸ்டீவ் ஹவ். யெஸ் குழுவின் கிட்டார் கலைஞர். செவ்விசை, ஜாஸ், நாட்டுப்புற இசை என்று எல்லாவற்றையும் ஒரே பாடலில் கலக்கக்கூடிய கை. மூன்றாமவர் கார்ல் பால்மர், எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் டிரம்ஸ் கலைஞர். வேகத்துக்குப் பேர்போனவர்.

நான்காமவர் ஜெஃப் டௌன்ஸ். மற்ற மூவரையும்விட இளையவர், அவர்களிலிருந்து வேறுபட்டவரும்கூட. டிரெவர் ஹார்னுடன் சேர்ந்து ‘பக்கிள்ஸ்’ என்ற இருவர் குழுவை நடத்தியவர். 1979ல் அவர்கள் வெளியிட்ட ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி ஒளிவழி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பான காணொளியும் அதுதான். 1980ல் ஹார்னும் டௌன்ஸும் யெஸ் குழுவில் சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பில் வாசித்திருந்தார்கள். ஹவ்வுக்கு டௌன்ஸ் அறிமுகமானது அப்படித்தான்.

அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த கெஃபன் இசை நிறுவனத்தில் புதிய கலைஞர்களைத் தேடும் பொறுப்பில் இருந்தவர் ஜான் கலோட்னர். முதலில் வெட்டனும் ஹவ்வும் சந்தித்துச் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். பிறகு பால்மர் வந்தார். கடைசியாக டௌன்ஸ் வந்தார். ஜாம்பவான்கள் என்கிறோமே, அப்போது அவர்களுக்கு என்ன வயது தெரியுமா? மூத்தவரான ஹவ்வுக்கு 34, இளையவரான டௌன்ஸுக்கு 28. அந்த வயதிலேயே ‘உங்கள் காலம் முடிந்துவிட்டது’ என்று இசையுலகம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

நால்வரும் சேர்ந்ததும் ரசிகர்கள் எதை எதிர்பார்த்திருப்பார்கள்? முப்பது நிமிடப் பாடல், பத்து நிமிட கிட்டார், பத்து நிமிட டிரம்ஸ். ஆனால், ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வெளிவந்தது வேறு.

1982 மார்ச்சில் வெளியான ‘ஏஷியா’ என்ற முதல் இசைத்தொகுப்பில் ஒன்பது பாடல்கள் இருந்தன. ஒன்றுகூட ஆறு நிமிடத்தைத் தொடவில்லை. முதல் பாடலான ‘ஹீட் ஆஃப் தி மொமென்ட்’ நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வெட்டனும் டௌன்ஸும் எழுதிய அந்தப் பாடலில் கிட்டார் கம்பீரமாகத் தொடங்கி வழிவிடுகிறது. குரல் வருகிறது. ஒருமுறை கேட்டாலே கூடப் பாடத் தோன்றும் பல்லவி வருகிறது. ஹவ்வுக்குத் தனியாக வாசிக்க இடம் உண்டு, ஆனால் சில விநாடிகள்தான். பால்மரின் டிரம்ஸ் பாடலைத் தாங்கி நிற்கிறது, அதை முந்திக்கொண்டு ஓடுவதில்லை.

இதை எளிமை என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகக் கேட்டால் பழைய வித்தை அங்கேயேதான் இருக்கிறது, சுருக்கி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘ஒன்லி டைம் வில் டெல்’ பாடலின் தொடக்கத்தில் டௌன்ஸின் கீபோர்டு எக்காளம்போல முழங்குகிறது. ‘டைம் அகெய்ன்’ நால்வரும் சேர்ந்து எழுதியது. அதில் நான்கு கருவிகளும் ஒன்றையொன்று துரத்துவது கேட்கும். இருபது நிமிடத்தில் சொன்னதை நான்கு நிமிடத்தில் சொல்வதற்குத் திறமை குறைவாகத் தேவைப்படுவதில்லை. 2,000 சொல் கட்டுரையை 300 சொல்லுக்குள் சுருக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

பலன் யாரும் எதிர்பாராத அளவுக்கு இருந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இந்த இசைத்தொகுப்பு மொத்தம் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 1982ஆம் ஆண்டு முழுவதற்குமான பட்டியலிலும் அதற்கே முதலிடம். ‘ஹீட் ஆஃப் தி மொமென்ட்’ தனிப்பாடல் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. கெவின் காட்லி, லால் கிரீம் இருவரும் இயக்கிய காணொளிகள் எம்டிவியில் ஓடிக்கொண்டே இருந்தன. அட்டையில் ரோஜர் டீன் வரைந்த, கடலிலிருந்து எழும் நாகத்தின் ஓவியமும் பெயர் பெற்றது.

விட்டுக்கொடுத்தலா, விலைபோனதா?

எல்லாரும் கைதட்டவில்லை. புரோகிரசிவ் ராக் ரசிகர்கள் பலர், “இவர்கள் வானொலிக்காகத் தங்கள் கலையை விற்றுவிட்டார்கள்” என்று வருந்தினார்கள். இன்னொரு பக்கம், அந்த இசையை முன்பே வெறுத்த விமர்சகர்கள், “பழைய பெருமையைப் புதுத்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள்” என்றார்கள். இரு பக்கமும் அடி.

இதில் யார் சொல்வது சரி? ரசிகர்களின் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ போன்ற ஒன்றைப் படைத்த கை, அதன்பின் ஒருபோதும் அந்த உயரத்துக்கு முயலாவிட்டால் அது இழப்புதான். ஆனால் மற்றொரு கோணமும் உண்டு. கேட்பவர் இல்லாத இசை எங்கே போய்ச் சேரும்? அந்த நால்வரும் தங்கள் இசையைக் கேட்டே இராத இளையர்களிடம் போக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதற்குக் கொடுத்த விலை, தங்கள் பெயருக்குக் காரணமாக இருந்த நீளத்தைக் கைவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் இசைத்தொகுப்பில் நால்வருமே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். நால்வருக்குமே ஏதோ ஒன்று கிடைக்கவும் செய்தது. ஒன்பது பாடல்களில் ஏறக்குறைய பாதியில் எழுதியவர் பெயர்களுள் ஹவ்வும் இருக்கிறார். கணக்கு ஓரளவு சமமாக இருந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு மாறியது.

விரிசல்

1983ல் வெளியான இரண்டாவது இசைத்தொகுப்பு ‘ஆல்ஃபா’. முதல் தொகுப்பில் மிகவும் எடுபட்டது வெட்டன், டௌன்ஸ் கூட்டணியின் பாடல்கள். அதனால் இம்முறை எல்லாமே அவர்கள் கையில் போயிற்று. இசைத்தட்டின் பத்துப் பாடல்களில் ஒன்றில்கூட எழுதியவர் என்று ஹவ்வின் பெயர் இல்லை. ஒலியிலும் கீபோர்டு முன்னால் வந்தது, கிட்டார் பின்னால் போனது.

வணிக நோக்கில் பார்த்தால் முடிவு நியாயமானதாகத் தெரியலாம். எது விற்கிறதோ அதை அதிகமாகக் கொடுப்போம் என்பதுதானே வழக்கம்? ஆனால் ‘ஆல்ஃபா’ அமெரிக்காவில் ஆறாம் இடத்தோடு நின்றது. எந்தக் குழுவுக்கும் அது நல்ல வெற்றி. முதல் தொகுப்பின் ஒன்பது வாரத்தோடு ஒப்பிட்டபோது மட்டும் அது தோல்வியாகத் தெரிந்தது. ஹவ்வுக்கு மனத்தாங்கல். வெட்டனுக்கு வேறு ஒரு போராட்டம்: மதுப்பழக்கம். அதைப்பற்றிப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

1983 இலையுதிர்காலத்தில் வெட்டன் குழுவை விட்டுப் போனார். அதுவும் எப்போது? டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் டிசம்பர் 6ஆம் தேதி நடக்கவிருந்த இசை நிகழ்ச்சிக்குச் சில வாரங்களே இருந்தபோது. ‘ஏஷியா இன் ஏஷியா’ என்ற அந்த நிகழ்ச்சியைத் துணைக்கோளம் வழியாக எம்டிவி அமெரிக்காவில் ஒளிபரப்பவிருந்தது. அவசரமாக அழைக்கப்பட்டவர் கிரெக் லேக். பால்மரின் பழைய குழுவில் பேஸ் வாசித்துப் பாடியவர். கிங் கிரிம்சன் குழுவில் வெட்டனுக்கு முன்பு அதே இடத்தில் இருந்தவரும் அவரே. குறுகிய காலத்தில் பாடல்களைக் கற்றுக்கொண்டு, நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்துவிட்டு அவர் விலகிவிட்டார். திறமையானவரை இன்னொரு திறமையானவரின் இடத்தில் வைத்துவிடலாம், ஆனால் அதனால் மட்டும் குழு உருவாகிவிடுவதில்லை என்பதற்கு அந்த நிகழ்ச்சி சாட்சியாக நின்றது.

பிறகு வெட்டன் திரும்பி வந்தார். ஹவ் வெளியேறினார். புதிய கிட்டார் கலைஞருடன் 1985ல் வந்த ‘அஸ்ட்ரா’ இசைத்தொகுப்பு அமெரிக்காவில் 67ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. முதலிடத்திலிருந்து 67க்கு இறங்க மூன்றரை ஆண்டுகள்தான் ஆயின. வெளியேறிய ஹவ், ஜெனிசிஸ் குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹேக்கெட்டுடன் ‘ஜிடிஆர்’ என்ற இன்னொரு நட்சத்திரக் குழுவைத் தொடங்கினார். 1986ல் வந்த ஒரே தொகுப்போடு அதுவும் நின்றது. ஏஷியாவின் பெயரை டௌன்ஸ் புதிய பாடகர் ஜான் பெய்னுடன் 1990கள் முழுவதும் தூக்கிச் சுமந்தார். அந்த முதல் நால்வர் மட்டும் சேரவில்லை.

மீண்டும் ஒரே மேடையில்

2006ல் அது நடந்தது. வெட்டனும் டௌன்ஸும் அதற்கு முந்தைய ஆண்டே ‘ஐகான்’ என்ற பெயரில் மறுபடியும் சேர்ந்து பாடல் எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஹவ்வும் பால்மரும் சேர, முதல் நால்வரும் சுற்றுப்பயணம் புறப்பட்டார்கள். இப்போது அவர்கள் ஐம்பதுகளில் இருந்தார்கள். ஹவ் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அந்த மேடையில் அவர்கள் செய்த ஒன்று, 1983ல் தவறிப்போனதைச் சரிசெய்வதுபோல இருந்தது. ஏஷியாவின் பாடல்களுக்கு நடுவே, ஒவ்வொருவரின் பழைய குழுவிலிருந்தும் ஒரு படைப்பை எடுத்து நால்வருமாக வாசித்தார்கள். ஹவ்வுக்காக யெஸ் குழுவின் ‘ரவுண்டபௌட்’. பால்மருக்காக ‘ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்’. வெட்டனுக்காக ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’. டௌன்ஸுக்காக ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’. நால்வருக்கும் ஆளுக்கொரு பங்கு. ஒருவரின் பாடலுக்கு மற்ற மூவரும் துணை. யெஸ் குழுவின் சிக்கலான தாளத்தையும் பக்கிள்ஸின் துள்ளல் பாடலையும் ஒரே மேடையில், ஒரே மரியாதையோடு வாசித்தார்கள்.

2007ல் வெட்டனுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து மீண்ட பிறகு வந்த 2008ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்து 2010ல் ‘ஒமேகா’. முதல் தொகுப்பு வந்து 30 ஆண்டு நிறைந்த 2012ல் ‘டிரிபிள் எக்ஸ்’. பட்டியலில் முதலிடம் எதற்கும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு இசைத்தொகுப்புகளுக்குமேல் ஒன்றாக இருக்க முடியாமல் போன நால்வர், இம்முறை மூன்றைச் சேர்ந்து முடித்தார்கள். 2013ல் ஹவ் விலகினார். 2017 ஜனவரி 31ஆம் தேதி ஜான் வெட்டன் புற்றுநோயால் காலமானார்.

இன்னொரு வழியும் உண்டு

எல்லா நட்சத்திரக் குழுக்களும் சுருக்கித்தான் பிழைக்க வேண்டும் என்றில்லை. 1999ல் தொடங்கிய ‘டிரான்ஸ்அட்லாண்டிக்’ குழு நேர் எதிர்த்திசையில் போனது. அமெரிக்கர்களான நீல் மோர்ஸ், மைக் போர்ட்னாய், சுவீடனின் ரோய்னே ஸ்டோல்ட், இங்கிலாந்தின் பீட் டிரெவாவாஸ் ஆகிய நால்வரும் நான்கு வெவ்வேறு புரோகிரசிவ் ராக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். இது அவர்களுக்கு முழுநேரக் குழு அல்ல. வேண்டும்போது கூடுவார்கள், வாசிப்பார்கள், அவரவர் வழியில் போய்விடுவார்கள். 2009ல் வந்த அவர்களின் ‘தி வேர்ல்விண்ட்’ 77 நிமிடம் ஓடும் ஒரே படைப்பு.

அவர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. 2021ல் வந்த ‘தி அப்சல்யூட் யூனிவர்ஸ்’ நீளமாக இருக்க வேண்டுமா, சுருக்கமாக இருக்க வேண்டுமா என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டையும் வெளியிட்டார்கள்! 90 நிமிடத்தில் ஒன்று, 64 நிமிடத்தில் ஒன்று. சுருக்கமானது வெறுமனே வெட்டி எடுத்ததும் அல்ல. சில பகுதிகளின் வரிகளும் பதிவும் வேறு.

ஏஷியாவுக்கு அப்படி ஒரு வசதி இருக்கவில்லை. பெரிய நிறுவனம், பெரிய முதலீடு, அடுத்த ஆண்டுக்குள் அடுத்த வெற்றி என்ற நெருக்கடி. டிரான்ஸ்அட்லாண்டிக் உறுப்பினர்களுக்கு அந்தக் குழுதான் பிழைப்பு என்ற நிலை இல்லை. ஆகவே, சண்டை வந்தாலும் உடையும் அளவுக்குப் போகவில்லை. ஒரு குழு நீடிப்பதற்கு உறுப்பினர்களின் குணம் மட்டும் காரணமல்ல. அவர்கள்மீது இருக்கும் சுமையும் ஒரு காரணம்.

கேட்டுப் பாருங்கள்

முதலில் ‘ஹீட் ஆஃப் தி மொமென்ட்’. ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமானது. 2008ல் வந்த ஒரு பாகத்தில், ஒரே நாள் திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு காலையும் அலார வானொலியில் ஒலிப்பது இந்தப் பாடல்தான். இரண்டாவதாக யெஸ் குழுவின் ‘ரவுண்டபௌட்’. இரண்டிலும் ஹவ்வின் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். ஒன்றில் அது பாடலை நடத்திச் செல்கிறது, மற்றொன்றில் பாடலுக்கு இடம்விட்டு நிற்கிறது. மூன்றாவதாக ‘ஆல்ஃபா’வின் ‘டோன்ட் கிரை’. அதில் அதே கிட்டார் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

பள்ளியிலோ கல்லூரியிலோ இணைப்பாட நடவடிக்கைக்காகவோ திட்டப்பணிக்காகவோ அடுத்த முறை குழு அமைக்கும்போது, ‘யார் கெட்டிக்காரர்?’ என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த வேலைக்காக ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுக்கிறோம்? முடிவில் வரும் படைப்பில் ஒவ்வொருவரின் கையும் தெரிகிறதா? முதல் கேள்விக்கு ஏஷியாவின் நால்வரும் 1982லேயே நல்ல விடை கண்டுபிடித்தார்கள். இரண்டாவதற்கு விடை காண அவர்களுக்கு 2006 வரை ஆனது.